வீடு தேடி வரும் ஆரோக்கிய தூதர்!

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகியாச்சு. வாசலில் ஆரத்தி சுற்றி, திருஷ்டி கழித்து, தாயையும் சேயையும் உள்ளே அழைத்து வந்தாச்சு. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "அப்படியே தாத்தா ஜாடை!" என்று சொல்லிவிட்டுப் போயாச்சு. வீட்டில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுகிறோம். "அப்பாடா! கண்டம் தாண்டியாச்சு!"

அங்கேதான் நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம்.

பிறந்து 28 நாளுக்குள் இறந்துபோகும் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே இறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. சுகப்பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில் இருப்பது இரண்டு, மூன்று நாள். அந்த வாரத்தின் மிச்ச நாட்கள் எங்கே கழிகின்றன? நம் வீட்டில்தான். டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது. குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பது நாமும் பாட்டியும் மட்டுமே.

டவுனில் இருக்கும் நமக்காவது ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. பஸ்ஸே வராத ஒரு காட்டுக் கிராமத்துத் தாயை நினைத்துப் பாருங்கள். குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது. யாரைக் கேட்பாள்? எங்கே ஓடுவாள்?

அந்தத் தாய்க்காக ஒரு டாக்டர் தம்பதி தேடிக் கண்டுபிடித்த வழி, இன்று நாடு முழுவதும் பின்பற்றப்படுகிறது. அது என்ன வழி என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டில் நாளைக்குப் பிறக்கப்போகும் பேரனுக்கும் பேத்திக்கும்கூட அது உதவும்!

பதினெட்டுக் காரணங்கள்

மகாராஷ்டிராவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது கட்சிரோலி. 1982-ல் சந்திரபூரிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம். பெரும்பகுதி காடு. கோண்டு முதலான பழங்குடியினர் வாழும் பகுதி. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படித்துவிட்டு, 1986-ல் இங்கேதான் வேலையை ஆரம்பித்தார்கள். அவர் பொது மருத்துவர். அவர் மனைவி மகப்பேறு மருத்துவர். அமெரிக்கப் படிப்புக்கு எந்தப் பெரிய நகரமும் இவர்களை வரவேற்றிருக்கும். ஆனால் அவர்கள் போனது காட்டுக்கு!

ஒரு நாள் மாலை. நோயாளிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அபய் பங்கின் வீட்டுக்கே ஓடி வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தது குழந்தை. கடுமையான நிமோனியா. அவர் சிகிச்சையைத் தொடங்குவதற்குள், அவர் கண் முன்னாலேயே குழந்தையின் மூச்சு நின்றுபோனது.

டாக்டர் இருக்கிறார். இருந்தும் குழந்தை செத்துப்போனது. ஏன்? அவர் ஒவ்வொரு காரணமாக எண்ணிப் பார்த்தார். தாய்க்கு வயிற்றுக்குச் சோறில்லை, வறுமை, அறியாமை, ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரம்... இப்படி ஒரு சங்கிலி போலப் பதினெட்டுக் காரணங்கள் வந்தன. தம் சொற்பொழிவுகளில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

பதினெட்டையும் ஒரு டாக்டர் சரிசெய்ய முடியுமா? முடியாது. வறுமை ஒழியும் வரை குழந்தை காத்திருக்குமா? அதுவும் நடக்காது. ஆனால் சங்கிலி என்பதால் ஒரு கண்ணியை உடைத்தால் போதும். எந்தக் கண்ணியை? தூரத்தை! குழந்தை ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால், வைத்தியம் குழந்தையிடம் போகட்டும் என்று முடிவு செய்தார்கள்.

மணி நகர்த்தி மூச்சு எண்ணு!

முதலில் நிமோனியா. 1988-ல் கிராமத்து ஆட்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். எக்ஸ்ரே வேண்டாம். குழந்தை ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்று எண்ணத் தெரிந்தால் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் ஆபத்து.

சரி... அறுபது வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சி என்ன செய்வார்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு சின்ன மரச்சட்டம். அதில் ஒரு நிமிட மணல் கடிகாரம், கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் இறங்கி முடிவதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. மருந்து கொடு! அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட இப்படி நிமோனியாவைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த முயற்சியால் குழந்தைச் சாவு குறைந்ததை, 1990-ல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது.

'பச்சைப் புள்ளைய வெளியே தூக்கக் கூடாது!'

ஆனாலும் ஒரு கூட்டம் குழந்தைகள் தப்பவில்லை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பச்சைக் குழந்தைகள்.

1995-96-ல் 39 கிராமங்களில் 763 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 28 நாள் வரை வீட்டுக்கே போய்க் கவனித்தார்கள். நூற்றுக்கு 95 குழந்தைகள் வீட்டில் பிறந்தவை. நூற்றுக்கு 42 குழந்தைகள் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. ஆனால் டாக்டர் கண்ணில் பட்டவை? நூற்றுக்கு மூன்றுகூட இல்லை!

ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வது மறந்துவிட்டதா? "பச்சை உடம்புக்காரி வாசல்படி தாண்டக் கூடாது... பச்சைப் புள்ளைய காத்துல கறுப்புல தூக்கிட்டுப் போகக் கூடாது." ஊருக்கு ஊர் வார்த்தைதான் வேறு. அந்த வழக்கத்தில் ஒரு நல்ல எண்ணமும் இருக்கத்தான் செய்கிறது. தாய்க்கு ஓய்வு, குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆனால் குழந்தைக்கு நோய் வந்தாலும் வெளியே தூக்கக் கூடாது என்றால், அந்த அறையே அதற்கு எமன்!

தாயை வெளியே இழுக்க வேண்டாம். நாம் உள்ளே போவோம் என்றார்கள் பங் தம்பதி.

யார் இந்த ஆரோக்கிய தூதர்?

ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை படித்தவள். மராத்தியில் அவளுக்குப் பெயர் 'ஆரோக்யதூத்'. ஆரோக்கிய தூதர்! தோளில் ஒரு பை. உள்ளே தராசு, தெர்மாமீட்டர், கைக்கடிகாரம், மூச்சு முட்டிப் பிறக்கும் குழந்தைக்குக் காற்று ஊதும் கருவி, மருந்து.

கர்ப்பிணியின் வீட்டுக்குப் பிரசவத்துக்கு முன்பே போய்ப் பழகிவிடுவாள். பிரசவ நேரத்தில் மருத்துவச்சியோடு பக்கத்தில் இருப்பாள். மருத்துவச்சி தாயைப் பார்த்துக்கொள்ள, இவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அதற்கப்புறம் முதல் மூன்று நாள் தினமும், பிறகு 28-ம் நாள் வரை சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவாள்.

வந்து என்ன செய்வாள்? பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். குழந்தையின் எடை போடுவாள். தொட்டுப் பார்த்து, உடம்பு சில்லென்று இருக்கிறதா, சுடுகிறதா என்று தெர்மாமீட்டரில் உறுதி செய்வாள். மூச்சை எண்ணுவாள். தொப்புளைப் பார்ப்பாள். பால் கொடுக்கச் சொல்லி, குழந்தை எப்படிச் சப்புகிறது என்று கவனிப்பாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். தாயிடமும் மாமியாரிடமும் நாலு வார்த்தை பேசுவாள்.

ஒரு தடவை பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் முந்தாநாள் நன்றாகச் சப்பிய குழந்தை இன்று சப்பவில்லை என்பது, முந்தாநாளும் பார்த்தவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அத்தனை தடவை வருகிறாள்.

எட்டாவது படித்தவள் ஊசி போடலாமா?

நல்ல கேள்விதான். அன்றைக்குப் பல டாக்டர்களும் கேட்ட கேள்வி இது.

ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி குடும்பத்தாரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் மறுத்தால், சம்மதம் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசியும், கிருமிக்கொல்லி சிரப்பும் கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. கடுமையான பயிற்சியும், மேற்பார்வையும் உண்டு.

பலன்? முன்பு அந்தக் கிராமங்களில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 16 பேருக்கு மேல் இறந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு அது மூன்றுக்கும் கீழே வந்தது!

மொத்தக் கணக்கு இன்னும் ஆச்சரியம். 39 கிராமங்களில் ஆரோக்கிய தூதர்கள் வேலை செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்கள் வழக்கம்போல் விடப்பட்டன. தொடக்கத்தில் 39 கிராமங்களில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 62 குழந்தைகள் முதல் மாதத்துக்குள் இறந்தன. மூன்றாவது வருட முடிவில் அது 25 ஆகக் குறைந்தது. ஒரு குழந்தைக்கு ஆன செலவு சுமார் ஐந்து அமெரிக்க டாலர்தான். 1999 டிசம்பரில் இதே 'லான்செட்' இந்த முடிவை வெளியிட்டபோது, உலகமே கட்சிரோலியைத் திரும்பிப் பார்த்தது.

இன்குபேட்டர் வாங்கவில்லை. புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. பார்க்கத் தெரிந்த ஒருத்தி, பார்க்க வேண்டிய நாளில், வீட்டுக்குள் வந்து பார்த்தாள். அவ்வளவுதான்!

காட்டிலிருந்து நாட்டுக்கு...

2009-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, பிறந்த குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லா நாடுகளிலும் நடக்க வேண்டும் என்று அறிக்கை விட்டன. 2011-ல் இந்திய அரசு இதைத் தேசியத் திட்டமாகவே கொண்டுவந்தது. பொறுப்பு கொடுக்கப்பட்டது 'ஆஷா' பணியாளர்களிடம். 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் உருவான கிராமத்துப் பெண்கள் இவர்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் பேர்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆறு தடவை. வீட்டில் பிறந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு தடவை. 2018-ல் இன்னொரு திட்டமும் சேர்ந்தது. 3, 6, 9, 12, 15-ம் மாதங்களில் ஐந்து தடவை வந்து, தாய்ப்பால், ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவு, தடுப்பூசி, இரும்புச்சத்து சிரப், வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டிய உப்பு-சர்க்கரைக் கரைசல் பவுடர் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்துப் பாராட்டியது. சந்தோஷம்! ஆனால் கையில் கிடைப்பது? 2011-ல் திட்டம் வந்தபோது, ஒரு குழந்தையை இத்தனை தடவை போய்ப் பார்த்து முடித்தால் 250 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அவர்கள் அரசாங்க ஊழியர் இல்லை, 'தன்னார்வலர்'. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகப் படியேறும் ஒருத்திக்கு விருது மட்டும் போதுமா? யோசியுங்கள்.

நம் தமிழ்நாட்டில் இந்த வேலையில் முன்னால் நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் 'நர்ஸம்மா' என்றால் அவர்தான். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பத்தைப் பதிவு செய்வது முதல் தடுப்பூசி வரை அவர் பொறுப்பு. இன்றைக்கு நம் மாநிலத்தில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையும் மூன்றாம் நாள் வீட்டுக்குத்தானே வருகிறது?

நீங்கள் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் வீட்டுக்கு நர்ஸம்மா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவர் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். கீழே உள்ளதை வெட்டி, தொட்டில் கட்டும் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

- பால்: நன்றாகச் சப்பிக்கொண்டிருந்த குழந்தை சப்புவதைக் குறைத்தாலோ, நிறுத்தினாலோ அதுதான் முதல் அபாய மணி. "தூங்குது, அப்புறம் குடிக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.
- அழுகை: குரல் சுருதி இறங்கி முனகலாகிவிட்டதா? அழவே இல்லையா? "சமர்த்துக் குழந்தை, அழுறதே இல்லை" என்று பெருமைப்படும் விஷயமல்ல இது!
- கை கால்: துவண்டு தொங்குகிறதா? வலிப்பு போல வெட்டி இழுக்கிறதா?
- சூடு: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். வயிறு வெதுவெதுப்பு, பாதம் மட்டும் சில்லென்றால் குழந்தைக்குக் குளிர்கிறது. உடனே துணி விலக்கி அம்மாவின் மார்போடு சேர்த்து அணைத்து, மேலே போர்த்துங்கள். வயிறும் சில்லிட்டிருந்தால் அப்படியே அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.
- மூச்சு: குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே என்றால், அல்லது மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழி விழுந்தால், உடனே கிளம்ப வேண்டும்.
- தொப்புள்: சீழ், சுற்றிலும் சிவப்பு இருக்கிறதா?
- வயிறு: உப்பியிருக்கிறதா? திரும்பத் திரும்ப வாந்தியா?
- நிறம்: பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். நல்ல நாள், நல்ல நேரம் பார்க்க வேண்டாம். 108-க்குப் போன் போடுங்கள்.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்கும்போது, கட்டிலில் இருப்பவளை யாரும் பார்ப்பதில்லை. ரத்தப்போக்கு அதிகமாவது, காய்ச்சல், துர்நாற்றத்தோடு கசிவு, தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்குவது, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது... இதெல்லாம் 'பச்சை உடம்புக்கு இருக்கிறதுதான்' அல்ல. உடனடி ஆஸ்பத்திரி கேஸ்!

பாட்டிக்கு ஒரு வார்த்தை

சேனை வைப்பது, சீனித் தண்ணீர் தொட்டு வைப்பது, தேன் தடவுவது, கழுதைப்பால் கொடுப்பது... பாசத்தோடு செய்வதுதான். ஆனால் கிருமி பாசம் பார்க்காது! பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். பிறகு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். டாக்டர் சொல்லும் சொட்டு மருந்து, ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு.

பிறந்தவுடன் குளிப்பாட்ட வேண்டாம். குறைந்தது ஒரு நாளாவது போகட்டும். எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சொல்லும் வரை துடைத்துவிடுவது போதும். தொப்புளில் விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பார்க்க வரும் பெரிய மனுஷரும்தான்!

"எடை ஏறலையே" என்று முதல் வாரத்தில் பதற வேண்டாம். கொஞ்சம் குறையும். பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். முதல் வாரத்துக்குப் பிறகு தினம் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். டப்பா பாலுக்கு ஓட வேண்டாம்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தையா? கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்வது போல், அம்மாவின் மார்போடு தோலோடு தோலாக எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருங்கள். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். அம்மா களைத்தால் அப்பாவின் மார்பும் ஆகும். பாட்டி மார்பும் ஆகும்.

உங்களால் முடிந்தது

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகளுக்கோ, வாட்ச்மேனின் மருமகளுக்கோ கிராமத்தில் குழந்தை பிறந்திருக்கலாம். இனிப்பு வாங்கிக்கொண்டு, கையில் நூறு ரூபாய் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "குழந்தை பால் குடிக்குதா? நர்ஸம்மா வந்து பார்த்தாங்களா? எடை போட்டாங்களா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். வரவில்லை என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லச் சொல்லுங்கள். மேலே உள்ள பட்டியலைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்கே நர்ஸம்மாவோ ஆஷாவோ வந்தால், "எங்களுக்குத் தெரியும், நாங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டுறோம்" என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். கை கழுவ சோப்பு கொடுங்கள். வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். குழந்தையை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் எத்தனையோ குழந்தைகளைத் தொட்டுப் பார்த்த கை அது. உங்கள் கண்ணுக்குத் தெரியாதது அவர் கைக்குத் தெரியலாம்!